முப்பத்தொரு பெயர்களும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 2

உழைப்பாளர் வீட்டில் பிறந்து, உழைப்பாளரை எண்ணும் அலுவலுக்குச் சென்ற என் அருமைத் தங்கையே!

கேள் இந்தக் கொடுமையை! பத்தாண்டுகளுக்கு முன் நம் கண்ணாடிப் புட்டி ஆலையில் மாத ஊதியம் பெற்ற ஆண்கள் நானூற்றுப் பன்னிருவர். இன்று இருநூற்று முப்பத்தெண்மர். இரண்டாம் உலையை அணைத்தார்கள். என்னையும் சேர்த்துத் தெருவில் நிறுத்தினார்கள். உலையின் சூடு ஆறும் முன்னே பெட்டிகட்டும் கூடத்தில் பெண்களை நாள்கூலிக்கு அமர்த்தினார்கள். இப்போது அவர்களுள் முப்பத்தொருவரை மாத ஊதியத்தில் நிலையாக்கப் போகிறார்களாம். புதிய நிலைப்பணி எதற்கும் சங்கம் இசைய வேண்டும் அல்லவா? சங்கத் தலைவன் என்று உடன்படிக்கையை என் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

இடுவேனா கையெழுத்து? வரும் பதினாறு, ஞாயிறன்று பொதுக்கூட்டம். வேலையிழந்த ஆண்கள் அனைவரும் திரும்பும்வரை எந்தப் பெண்ணையும் நிலையாக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றப் போகிறோம். நாடெங்கும் ஆண்களின் ஊதியப்பணி சரிந்ததையும் பெண்களுடையது உயர்ந்ததையும் எடுத்து அனுப்பு. ஆதாரமில்லாமல் பேசினால் எதிரி சிரிப்பான்.

உன் அண்ணியும் பிள்ளைகளும் நலம். முட்டிவலியோடு மாடி ஏறாதே என்றால் கேட்கிறாயா, கழுதை?

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மாடி ஏறாமல் சம்பளம் தரமாட்டேன் என்கிறார்கள். அலுவலகம் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. உங்கள் மடலை வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலும், பக்கத்து மேசைக்காரர் கைதட்டினார்.

நீங்கள் கேட்ட கணக்கு இது. நூறு ஆண்களில் மாத ஊதியம் பெறுவோர் பத்தாண்டில் நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றாகக் குறைந்தனர். நூறு பெண்களில் பதினான்கிலிருந்து பத்தொன்பதாக உயர்ந்தனர். மேடையில் இவ்வளவோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். ஆண்கள் இழந்தவை உலைகளிலும் பட்டறைகளிலும் இருந்த பணிகள். அவற்றுள் பெரும்பாலானவை இன்று எவரிடமும் இல்லை. பெண்கள் பெற்றவை கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பெட்டிகட்டும் கூடங்களிலும் புதிதாகத் தோன்றியவை. ஓர் ஆண் எழுந்த நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்ததை நானும் தேடினேன். அரிதாகவே கிடைத்தது.

இன்னொன்று. உழைக்கும் பெண்களின் எண்ணிக்கையே குறைவாகப் பதிவாகிறது. கதவைத் திறப்பவர் சொல்வதையே எங்கள் கணக்கெடுப்பு ஆட்கள் பல வீடுகளில் எழுதி வருகிறார்கள். உங்கள் தெருவின் தாள்கள் சரிபார்க்க என்னிடம் வந்தன. உங்கள் வீட்டுத் தாளில் "மனைவி: வேலை இல்லை, வீட்டில் இருக்கிறார்" என்றிருக்கிறது. பதில் சொன்னவர் குடும்பத்தலைவர். நேரம் காலை பத்து. அந்த நேரத்தில் அண்ணி பெட்டிகட்டும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நிலையாக்கும் பட்டியலில் பதினேழாம் பெயர் அவருடையது. பதினான்கு மாதமாக உங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அந்தக் கூலியில்தான்.

உறவினர் தாளை நான் திருத்தக் கூடாது. வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் வந்து அண்ணியையே கேட்பார்.

உங்கள் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

என் வீட்டை மேடையேற்றாதே.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். முன்னறையில் சங்கத்தார் மூவர் தேநீர் பருகிக்கொண்டிருந்தனர். உன் ஆள் எழுதுகோலும் கையுமாக வந்து, "வீட்டம்மா என்ன பண்றாங்க சார்?" என்றான். மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. முந்தின வாரம்தான் ஆலை வாயிலில், "என்ன முழக்கம், வீட்டுக்காரம்மா சம்பளத்துல டீயா? இனிப்பு தூக்கலா இருக்குமே!" என்று ஒருவன் கேட்க, நூறு பேர் சிரித்தார்கள். முழக்கம் என்று எனக்குப் பெயர் வைத்தவர்களே சிரித்தார்கள். என்ன சொல்லச் சொல்கிறாய்? "சும்மாதான் இருக்கா, எழுதிக்கப்பா" என்றேன்.

நான் கையெழுத்திட்டால், பெண்டாட்டிக்கு வேலை வாங்கச் சங்கத்தை விற்றவன் என்பார்கள். இருபது ஆண்டு கட்டிய சங்கம் ஒரே நாளில் கலைந்துபோகும். அவளிடமும் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஒப்புக்கொண்டாள் என்றுதான் பொருள்.

தாள் அப்படியே இருக்கட்டும். ஆளை அனுப்பாதே.

அண்ணன்


மார்ச் 13

சங்கத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் தாளை நான் ஒப்படைத்த அலுவலகத் தோழி நேற்று மாலை உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் உள்ளிருந்து, "அவகிட்ட என்ன கேக்கறது, நான் சொல்றேன்" என்று குரல் கொடுத்தீர்களாம். அண்ணி, "நீங்க இருங்க, என்னைத்தான கேக்கறாங்க" என்றாராம். பிறகு நடந்த பேச்சைத் தோழி சொன்னபடியே தருகிறேன்.

"காலைல ஆறு மணிக்குப் போறேன், மூணு மணிக்கு வரேன். ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா அன்னிக்குக் கூலி கிடையாது."

"நாள்கூலியாம்மா, மாசச் சம்பளமா?"

"நாள்கூலிதான். மாசச் சம்பளத்துக்கு லிஸ்ட்ல பேரு இருக்கு."

"எப்ப ஆகும்?"

"அது இவரு கையில இருக்கு. காகிதம் அலமாரி மேல கிடக்குது. தினமும் தூசி தட்டி அங்கயே வெக்கிறேன்."

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது எனக்கும் ஒன்று சொல்லியனுப்பியிருக்கிறார்: "என் பேரால இவருக்குத் தலைக்குனிவுன்னா என் பேரை எடுத்துடட்டும். மத்த முப்பது பேரு என்ன பாவம் பண்ணாங்க?"

அவருடைய மௌனத்துக்கு நீங்கள் சொன்ன பொருள் தவறு.

தலைவரே, உங்களைப் பார்த்துச் சிரித்த நூறு பேருக்காக முப்பத்தொரு குடும்பங்களை நாள்கூலியில் நிறுத்தாதீர்கள். பெண்டாட்டிக்காகச் செய்தான் என்பார்கள்; சொல்லட்டும். பதினான்கு மாதம் உழைத்தவளுக்காகச் செய்தேன் என்று அதே மேடையில் முழங்குங்கள். அணைத்த உலையை மூட்டச் சொல்லியும் போராடுங்கள். அந்தக் கூட்டத்தின் முதல் வரிசையில் பெட்டிகட்டும் பெண்களும் நிற்பார்கள். அண்ணி பெயரை எடுக்க வேண்டாம். எவர் பெயரையும் எடுக்க வேண்டாம்.

உடன்படிக்கையின் கெடு சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இனி உங்களை அண்ணன் என்று எழுதுவதா, தலைவர் என்றே எழுதுவதா என்பதும் அதற்குள் முடிவாகிவிடும். இம்மடலைக் கொண்டுவந்தவர் ஆலை வழியாகத்தான் திரும்புகிறார். உங்கள் வாசலில் காத்து நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தைக் கிழித்தெறியுங்கள். காகிதத்தை இறக்குங்கள். கையெழுத்திட்டு இப்போதே அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
கணக்கெடுப்பு ஆய்வாளர்