பார்த்த பின்பே அறிவித்தவனுக்கு

இன்று காலை என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எரியும் குத்துவிளக்கு, தெரிந்த ஒருவரின் முகம், அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சின்னமனூரில் நம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், நான் பார்க்கும் முன்பே பலர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள். என் கட்டைவிரல் திரையருகே சென்று நின்றுவிட்டது. வழக்கம்போல் உன் குரல் கேட்டது: "ஏலே வக்கீலு, நீ பாத்தியா?"

பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் வெவ்வேறு தொழில்களுக்குப் போனோம். நான் வழக்குகளுக்கு, நீ ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கிக்கு. காதுகுத்து வீட்டில் தாய்மாமன் சீர் வாசலுக்கு வரும்போது மைக்கில் வரவேற்றுப் பேசுவதும் நீதான்; ஊரில் சாவு விழுந்தால் தெருத்தெருவாகச் சொல்லி வருவதும் நீதான். சாவுச் செய்தியில் மட்டும் உனக்கொரு கட்டுப்பாடு. எவர் வந்து சொன்னாலும், அந்த வீட்டுக்குள் போய் நேரில் பார்த்த பிறகே மைக்கைத் தொடுவாய். அவசரப்படுத்தியவர்களிடம், "உசுரு வெசயம்யா. கோர்ட்டு சாட்சி கேக்குறாப்புல என் மைக்கும் கேக்கும்" என்பாய்.

அப்படிப்பட்ட உன்னை, முன்பொருமுறை நெஞ்சுவலியோடு தேனி மருத்துவமனையில் சேர்த்த அன்றே, இதேபோல் ஒரு படம் போட்டுக் குழு சாகடித்தது. முதலில் அனுப்பியவர் யார் என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆகவே எவரையும் குறிப்பிடமாட்டேன். பதில் ஏதும் எழுதாமல் பேருந்து ஏறினேன். நீ கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய்.

"ஏலே, எனக்கு மால எங்க?" என்றாய்.

உன் மனைவி கைபேசியைக் காட்டி அழுதார். "அம்புட்டுப் பேரும் எழுதிட்டாக அண்ணே. நீங்க மட்டுந்தேன் எழுதல."

"அவன் பாக்காம கையெழுத்துப் போடமாட்டான்டி" என்று நீ சிரித்தாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எந்த நீதிமன்றத்திலும் கிடைத்ததில்லை.

மறுப்புச் செய்தியை நானே எழுதி அனுப்பினேன். படித்தார்கள், நம்பவும் செய்தார்கள். ஆனால் நம்புவது வேறு, நடந்துகொள்வது வேறு என்பதைப் பிறகுதான் கண்டேன். காதுகுத்துகளுக்கு உன்னை அழைப்பது நின்றது. முன்பே சொல்லிவைத்திருந்த சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் வந்து, உட்காராமலே தயங்கினார். "கோவிச்சுக்கிறாதீக. ஒங்க படத்த வெளக்கோட பாத்துட்டாக. பிள்ளைக்கு நல்லது நடக்கயில வேணாம்னு வீட்டுல சொல்றாக." நீ அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாய். மறுநாள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கடைவீதியெங்கும், "நாந்தேன் பேசுறேன், உசுரோடதேன் இருக்கேன்" என்று அறிவித்தாய். ஊர் சிரித்தது. அழைப்பு வரவில்லை.

"ஒரே ஒரு சீர வாசல்ல நின்னு கூப்புட்டாப் போதும்லே" என்றாய் ஒருநாள்.

திராட்சைப் பந்தல்களில் அடுத்த குலை கறுக்கும் முன் நீ உண்மையாகவே போய்விட்டாய். குழுவில் செய்தி வந்ததும் எவரோ சிரிப்பு முகம் போட்டார். "போன தடவையும் இப்படித்தேன் சொன்னீக" என்று எழுதினார் இன்னொருவர். வெயில் உச்சிக்கு ஏறியும் உன் வாசலில் நாலைந்து பேரே நின்றோம். உன் மனைவி மைக்கை என் கையில் வைத்தார்.

"நீங்க சொன்னா நம்புவாக அண்ணே."

உள்ளே போய் உன் முகத்தை மறுபடியும் பார்த்தேன். கையைத் தொட்டேன். பிறகு ஆட்டோவில் ஏறி உன் பெயரைச் சொன்னேன். "நேரில் பார்த்தேன்" என்றேன். கடைகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஆட்டோவின் பின்னாலேயே உன் வீடுவரை நடந்து வந்தார்கள்.

இன்று வந்த படத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. அந்த வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சான்றில்லாமல் எதையும் சொல்லிவிடக் கூடாது என்றே வாழ்ந்தவன் நான். இதுவரை சொன்னவற்றுள், பொய்யென்று எவரேனும் வந்து மறுத்துவிடமாட்டார்களா என்று நான் ஏங்குவது, உன் மைக்கில் சொன்ன அந்த இரண்டு சொற்களுக்காக மட்டுமே.