காலிப் பக்கம்

மஸ்கட்

மொன்ஜிக்கு,

போனையும் எடுப்பதில்லை, கடிதத்துக்கும் பதில் இல்லை. அப்படியானால் நலமாகத்தான் இருப்பீர்கள். நானும் இன்னும் சாகவில்லை.

நேற்று ஆபீசில் ஒரு சின்னச் சண்டை. கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலையில் ஒவ்வொரு பம்பின் அழுத்தமும் நொடிக்கு நொடி கிளவுடில் பதிவாகிறது. கேட்டால் மொத்தமாகத் தராது, பக்கம் பக்கமாகத்தான் தரும். பக்கம் காலியாக இருந்தாலும், தேடல் இன்னும் முடியவில்லை என்றால் கூடவே ஒரு டோக்கன் வரும். அதைக் கொடுத்து அடுத்த பக்கம் கேட்க வேண்டும்.

அழுத்தம் எங்கெல்லாம் விழுந்தது என்று கேட்டேன். காலிப் பக்கம் வந்தது. மேலாளர் ஹிலால் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லையே! பம்பு நல்லாத்தான் ஓடுது. போய் டீ குடி."

"கீழ டோக்கன் இருக்கே, கண்ணு தெரியலையா?"

"இந்த துனீசியாக்காரிக்கு வாய் மட்டும் எவ்வளவு நீளம் பாரு!"

டோக்கனைக் கொடுத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் காலி. அவன் சிரித்தான். மூன்றாவது பக்கத்தில் ஏழாம் பம்பின் அழுத்தம் அதலபாதாளத்தில் கிடந்தது. ஓடிப்போய் நிறுத்தினார்கள். பயப்படாதீர்கள், யாருக்கும் அடியில்லை. ஹிலாலின் முகம்தான் செத்துப்போயிற்று.

ஹரிசா மிளகாய் விழுது தீர்ந்துவிட்டது. இங்கே விற்பது வெறும் தக்காளிக் குழம்பு. உங்கள் அம்மா அரைத்ததில் ஒரு பாட்டில் அனுப்புங்கள். உடையாமல் இருக்க உங்கள் பழைய ஸ்வெட்டரைச் சுற்றுங்கள். துவைக்க வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. உங்களிடமிருந்து எத்தனை காலிப் பக்கம் வந்தாலும் நான் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. நம் வீட்டுச் சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

ரவ்தா