கண்ணுக்குள் ஒரு பாவை

டாக்டரம்மா, நர்ஸ், என்னோடு லாட்ஜில் சமைக்கும் சின்னத்தாயக்கா, நான். நேற்று சித்திரபுரம் கண் முகாமில், பரிசோதனை அறைக்குள் நாங்கள் நால்வர்தான் இருந்தோம், மாமா. பெருமாள் கிருபையில் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றே எழுதுகிறேன்.

இடது கண்ணில் புரைதான், பயமில்லை. கண்ணின் நடுக் கருவட்டத்துக்கு லத்தீனில் ‘பியூப்பில்லா’, சின்னப் பொம்மை என்று பொருள் என்றார் டாக்டரம்மா. மலையாளத்தில் கிருஷ்ணமணி என்றாள் நர்ஸ். அகராதியில் படித்தது நினைவு வந்து, “தமிழ்லயும் அது பாவைதானுங்க, பொம்மைதானுங்க” என்றேன். “கண்ணு காட்ட வந்தியா, பாடம் நடத்த வந்தியா?” என்று அக்கா சிரித்தாள்.

எதிரில் நிற்பவர் அதில் பொம்மைபோலத் தெரிவதால் அந்தப் பெயராம். என் கண்ணில் டாக்டரம்மாதான் தெரிந்தாராம்.

பத்தாம் தேதி ஆபரேஷன். என் துளசிமணி மாலையை எடுத்து வாருங்கள். கட்டுப் பிரிக்கும்போது எதிரில் நீங்கள் நிற்க வேண்டும். வருவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் நாச்சம்மாள்