வாந்தி டீம்

பிப். 11, புதன்
உறைபனி. பந்து கல் மாதிரி. விசில் கயிறு வாங்கணும்.

போன வருடம் எங்கள் மலைப் பள்ளிப் பெண்கள் டீமுக்குப் பழனியில் கால்பந்துப் போட்டி. விடியுமுன் பள்ளி வேனில் ஏற்றி, மலை வளைவெல்லாம் சுற்றி இறக்கி, நேராக மைதானத்தில் விட்டார்கள். பாதிப் பெண்கள் வாந்தி. மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. அன்று முதல் ஊரே வைத்த பெயர், 'வாந்தி டீம்'.

இந்தச் சனிக்கிழமைப் போட்டிக்கும் அதே ஏற்பாடு. முந்தின நாளே இறங்கலாம் என்றேன். புது ஸ்போர்ட்ஸ் மேனேஜருக்குச் சிரிப்பு. "பிராப்ளம் மைண்ட்ல இருக்கு மிஸ். கவுன்சலிங் குடுங்க."

நானும் விளையாட்டு உளவியல் படித்தவள்தான். வயிற்றில் இருப்பதை மனதில் தேடச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லை.

பிப். 12, வியாழன்
மூடுபனி. சளி. பெற்றோருக்கெல்லாம் நானே போன் போட்டேன். பள்ளங்கி கிராமத்திலிருந்து கோல்கீப்பர் முத்துமாரியின் அம்மா: "பழனி பக்கம் ஆயக்குடில எந்தங்கச்சி தோப்பு வீடு சும்மாதான கெடக்கு. வெள்ளனே கூட்டிட்டுப் போங்க மிஸ்."

மேனேஜர் காதுக்கும் போய்விட்டது. "பெர்மிஷன் இல்லாம போனா வேலை இருக்காது."

பயம்தான். இந்த ஊரில் பெண் கோச்சுக்கு வேறு எங்கே வேலை? இருந்தாலும் போகிறேன்.

பிப். 13, வெள்ளி, ஆயக்குடி
பள்ளி விடுமுறை. பஸ்ஸில் வந்தோம். வழியில் வாந்தி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெண்களுக்கு அதில் ஒரே கும்மாளம். சாயங்காலம் கொய்யாத் தோப்பில் மெதுவாக ஓட்டம். ஸ்வெட்டரெல்லாம் மூட்டையில். ஆளுக்கு ஒரு பழம்தான் என்று சட்டம் போட்டேன். முத்துமாரி பையில் நாலைந்து. "ஆடிட்டுத் திங்கறதுக்கு மிஸ்."

பிப். 14, சனி
சுள்ளென்று வெயில். கடைசி நிமிடத்தில் ஒரே கோல். தோற்றோம். ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. எதிர் டீம் கோச் தேடி வந்து, "போன வருச டீமா இது? எங்க புள்ளைகளுக்கு மூச்சு வாங்கிருச்சுங்க" என்றார். முத்துமாரி அழுதுகொண்டே கொய்யா தின்றாள்.

பிப். 16, திங்கள்
சாரல். கரஸ்பாண்டன்ட் அறை. மேனேஜர்: "எப்படியும் தோத்துதான வந்தீங்க?" மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களாம். கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை கிரவுண்டில் கால் வைக்கக்கூடாதாம்.

பிப். 17, செவ்வாய்
கடுங்குளிர். கிரவுண்டில் கால் வைக்கவில்லை. காலையில் ஏரி ரோட்டில் தனியாக ஓடினேன். அது ஒன்றும் பள்ளி ரோடு இல்லையே. பாதிச் சுற்றில் பின்னால் ஷூ சத்தம். முத்துமாரி குரல்: "வெரசா வாங்கடி, மிஸ் போறாக!"

திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டினேன்.