திருப்பி அடித்த பிறகே கூண்டு நகரும்

மார்கழி 18, திங்கள்

காலையில் கடும் பனி. சுரங்கத்து ஷாப்டுச் சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். எனக்கு இருமல். மருந்து: பெண்டாட்டி அலமேலுவின் திட்டு.

மகள் அஞ்சலையைக் கடைக்கு அனுப்பினாள். சொன்னது: உப்பு, புளி, மண்ணெண்ணெய். வந்தது: உப்பு. மறுபடி அனுப்பினாள். மறுபடி உப்பு. இந்த மாதம் உப்புக்குக் கவலை இல்லை.

நான் சிரித்தேன். அலமேலு சிரிக்கவில்லை. "எட்டு வயசாவுது. மூணு சாமான் தலையில நிக்கல. நீ பல்லக் காட்டற."

சாயங்காலம் பள்ளிக்கூட வாத்தியார் வழியில் நிறுத்தினார். (இனி வா. என்றே எழுதுகிறேன். முழுதாக எழுதும் மரியாதை இன்று வரவில்லை.) அடுத்த திங்கள் இன்ஸ்பெக்டர் வருகிறாராம், பரீட்சைக்கு. அஞ்சலை தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவாராம்.

"ஏழாம் வாய்ப்பாடு இன்னிக்கி சொல்றா, நாளைக்கி இல்ல. கும்பலா சொல்லும்போது வாய மட்டும் அசைக்கிறா. ஓட்டச் சட்டியில எவ்ளோதான் ஊத்தறது?"

ஓட்டைச் சட்டி. என் பெண். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்; சட்டி எந்தச் சூளையில் வெந்தது என்று வா.வுக்குத் தெரியும்போல.

19, செவ்வாய்

பனி இல்லை. காற்று.

அலமேலுவின் தம்பி வந்தான். துரை பங்களாவில் பட்லர். துரைசானிக்குக் கைக்குழந்தை, ஆட்டித் தூங்கவைக்க ஒரு பெண் வேண்டுமாம். அங்கேயே தங்கவேண்டும்.

"படிப்பு ஏறலன்னா போவுது மாமா. தொட்டில் ஆட்டறதுக்கு வாய்ப்பாடு எதுக்கு?"

அலமேலு அடுப்பைக் கிளறினாள். அவள் எதிர்த்துப் பேசாவிட்டால் பாதிச் சம்மதம். பிறகு மெதுவாக, "அங்கனா வயிறார சோறு கெடைக்கும்."

பரீட்சை வரை பொறு என்றேன். "சரி, திங்கக்கெழம சாயந்தரம் வர்றேன். துணி மூட்ட கட்டி வையி அக்கா."

அஞ்சலை அடுப்போரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.  "அப்பா, அந்தக் கொழந்த அழுதா நான் இன்னா பண்றது?"

"நீயும் அழு."

சிரித்தாள். கொஞ்சம்தான்.

20, புதன்

இதை எழுதிவிட்டுத்தான் சோறு. 

பூமிக்குள் என் வேலை: லெவலில், அதாவது சுரங்கத்தின் ஒரு தளத்தில், நின்று மணிக்கயிறு இழுப்பது. மேலே இஞ்சின் டிரைவர் அதைக் கேட்டு, ஆட்கள் ஏறும் கூண்டை நகர்த்துவார். ஒன்று, நில். இரண்டு, இறக்கு. மூன்று, ஏற்று. இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், அதனால்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

இன்று ஷிப்டு முடிந்து ஆட்கள் கூண்டில் ஏறியாயிற்று. மூன்று இழுக்க வேண்டும். மனசு தொட்டிலில். இரண்டு இழுத்தேன்.

கூண்டுக்குக் கீழே ஷாப்டு முழுக்கத் தண்ணீர்.

டிரைவர், கேட்ட மணியைத் திருப்பி அடிப்பார். திருப்பி அடித்த பிறகே கூண்டு நகரும். இங்கே அதுதான் சட்டம். அடித்தார். டங், டங். மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அப்போதுதான் என் தப்பு என் காதில் விழுந்தது. ஒன்று இழுத்தேன். இழுத்தேன் என்ன, கயிற்றில் தொங்கினேன். பிறகு மூன்று. பதிலுக்கு மூன்று. போனார்கள்.

உள்ளேயிருந்து ஒருவன், "இன்னாண்ணே, எண்ணிக்க மறந்துபூட்ச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும். 

அப்பன் சட்டியும் ஓட்டைதான். ஆனால் எனக்குத் திருப்பி அடிக்க மேலே ஆள் இருக்கிறார். அஞ்சலைக்கு? சொல்கிறோம், ஓடுகிறாள். ஒரு தடவையாவது திருப்பிச் சொல்ல விட்டோமா?

21, வியாழன்

வீடே ஷாப்டு. மணிக்குப் பதில் பித்தளைச் சொம்பு, கரண்டி. விதிகள்:

— யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லாமல் நகரக்கூடாது.

— ஒரு கூண்டில் ஊரையே ஏற்ற முடியாது. வாய்ப்பாடு மூன்று மூன்று வரி. முதல் கூண்டு போய்ச் சேர்ந்தபின் அடுத்தது.

— தலை நிரம்பினால் அவள் ஒன்று தட்டலாம். நாங்கள் வாயை மூடவேண்டும். (அலமேலுவுக்குப் பிடிக்கவில்லை.)

— யார் ஒன்று தட்டினாலும் நில். மூன்று வரும்வரை மூச்சு மட்டும்.

கடைசி விதியில் எனக்குத் தனிப் பெருமை. அசல் ஷாப்டு.

மூன்று சாமான் சொன்னோம், உப்பை விட்டு. திருப்பிச் சொன்னாள், போனாள். வந்தது இரண்டு. முன்னேற்றம்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் மூங்கில் தட்டியில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஏமய்யா, கீழ அடிச்சது போறலியா, இங்கயும் மணியா?" அஞ்சலை கவளம் வாய்க்கு நேராக, அப்படியே நின்றுவிட்டாள். நான் மூன்று தட்டிய பிறகுதான் கவளம் உள்ளே போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல்.

23, சனி

இரண்டு கூண்டு ஏறிவிட்டது. ஏழேழில் அறுகிறது. கத்தினேன். கத்தியதும் முதல் கூண்டும் காணோம்.

அலமேலு: "யோவ், நீ கத்தறது எத்தினி மணி?"

 வெளியே போய்ச் சுருட்டு. கடையில் பேச்சு: காவேரியிலிருந்து கம்பி வழியாக வெளிச்சம் வரப்போகிறதாம். மண்ணெண்ணெய் ஒழியும் என்கிறார்கள். அஞ்சலைக்கு ஒரு சாமான் குறையும்.

திரும்பி வந்தால் சொம்பு அலமேலு கையில். இவள் சொல்கிறாள், அவள் திருப்புகிறாள். உள்ளே போனால் கெடுத்துவிடுவேன் என்று வாசலிலேயே நின்றேன். ஏழேழ் தாண்டியது.

துணி மூட்டையும் கட்டி மூலையில் இருக்கிறது.

25, திங்கள்

ஷிப்டு மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம். வெளியே, ஜன்னலில் என் மூக்கு.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். நிதானமான தமிழ். கையில் பென்சில். பையன்கள் இழுத்துச் சொன்னால் அந்தப் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு, சீக்கிரம் என்பதற்கு. அதைப் பார்த்ததும் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அஞ்சலை எழுந்தாள். "ஏழாம் வாய்ப்பாடு." திருப்பிச் சொன்னாள்: "ஏழாம் வாய்ப்பாடு." முதல் கூண்டு நன்றாகப் போயிற்று. சேர்ந்ததா என்று பார்க்கிற மாதிரி நிறுத்தினாள். பிறகு, "நாலேழ் இருபத்தெட்டு—"

டக்.

நின்றாள். வாய் பாதி திறந்தபடி.

"ம். மேலே சொல்லு."

மூச்சு மட்டும்.

வா. முன்னால் வந்தார். "மறந்துட்டா ஐயா. நான்தான் சொன்னேனே. அடுத்தவளக் கூப்புடட்டுமா?"

மறக்கவில்லை! நான் சொன்னதை அச்சுப்போல நினைவில் வைத்திருக்கிறாள். என் விதி, என் பெருமை. ஜன்னல் கட்டை என் விரலுக்கடியில். மூன்று தட்டினால் போதும். தட்டினால் வா. திருட்டுச் சைகை என்பார், அதோடு முடிந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கனமான கையை நான் தூக்கியதில்லை.

இன்ஸ்பெக்டர் பென்சிலைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

"அய்யா." அஞ்சலையின் குரல். "நீங்க ஒண்ணு தட்னீங்க. ஒண்ணுன்னா நிக்கணும். மூணு தட்டுங்க, போறேன்."

வகுப்பே சிரித்தது. "ஏய்!" என்றார் வா. இன்ஸ்பெக்டர் அவரைக் கை காட்டி அடக்கினார். பென்சில் தன் கையில் இருப்பதே இப்போதுதான் தெரிந்தவர்போல் அதைப் பார்த்தார்.

"இது யார் சட்டம்?"

"ஷாப்டு சட்டம் அய்யா."

டக், டக், டக்.

அஞ்சலை விரலை மடக்கி மேசையில் மூன்று திருப்பித் தட்டினாள். பிறகு ஐயேழ். விட்ட இடத்திலிருந்து, கடைசி வரை. பென்சில் மேசையில் படுத்துக் கிடந்தது.

வா. வெளியே வந்தார். "தேறிட்டா" என்றார், என்னிடம் இல்லை, ஜன்னலிடம். கூட்டலில் ஒன்று தப்பாம். இருக்கட்டும்.

சாயங்காலம் மச்சான். "மூட்ட ரெடியா அக்கா?"

அலமேலு சொம்பை எடுத்தாள். ஒரே ஒரு தட்டு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அஞ்சலைக்கும் புரிந்தது. மூட்டையை அலமேலுவே அவிழ்த்தாள்.

26, செவ்வாய்

வெயில். அலமேலு பாயசம் வைக்கப்போகிறாளாம். கடைக்குப் போனது நான். சொன்னது: வெல்லம், கடலைப்பருப்பு, தேங்காய். வந்தது: வெல்லம், தேங்காய்.

அஞ்சலை கதவில் ஒன்று தட்டினாள். "திருப்பிச் சொல்லாம ஏம்பா போன?"

நின்றபடி எழுதுகிறேன். இன்னும் மூன்று தட்டவில்லை.