ரொட்டி யாருக்கு என்று கேட்டார்கள்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் ‘சைனீஸ் சாண்ட்விச் கிடைக்கும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான். நேற்று குன்றத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தவள், அதைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டிப் போய் ஒன்று வாங்கினேன். உள்ளே முட்டைக்கோஸ், கேரட், கறுப்பாக ஒரு சாஸ். பூண்டை எண்ணெயில் கருக விட்டிருந்தான். அந்த வாசனை என்னை விடவில்லை. பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. இரண்டு எட்டு இந்தப் பக்கம், இரண்டு எட்டு அந்தப் பக்கம் என்று நடந்துகொண்டே தின்றேன். என் பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, துணியை நனைத்துவிட்டுத் துவைக்க மறந்தேன். சரி, எழுதித் தொலைத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் எழுத முடியும். வேறு யாரிடம் சொன்னாலும், பிள்ளை பெற்றவளுக்கு சாண்ட்விச்சைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள்.

நீ மண்ணூர், நான் பிள்ளைப்பாக்கம். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் ஹைவே ஓரத்துக் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. இருபது பெண்கள் வரிசையாக ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுவோம். உன் ஸ்டூல் மட்டும் பாதி நேரம் காலியாக இருக்கும். தண்ணீர் குடிக்க, கம்பி எடுக்க, சும்மா ஜன்னல் பக்கம் போக என்று உனக்கு ஆயிரம் காரணம். சூப்பர்வைசர் திட்டலாம் என்று வந்தால் நீ சுற்றிய காயில்தான் எல்லோருக்கும் முன்னால் முடிந்து தயாராக இருக்கும். மனிதர் வாயை மூடிக்கொண்டு போவார். மத்தியானம் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால், நீ சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே போய் லாரிகளைப் பார்த்தபடி தின்பாய். உன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று உன் அம்மா சொல்வது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

உன் சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பாரிமுனைக்குப் போனோமே, அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. புடவையை எடுத்துவிட்டு வழி தவறிக் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் போய்விட்டோம். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே சின்னதாகக் கடை போட்டிருந்தது. அந்த அம்மாள் மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்தாள். பச்சை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், கருகிய பூண்டெண்ணெய் எல்லாம் அதில் விழுந்தன. நீளமான ஒரு பன்னைக் கீறி, பிசைந்ததை அதற்குள் திணித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். பர்மா சாண்ட்விச் என்றாள். எனக்கு முதல் கடியிலேயே புளிப்பில் பல் கூசியது. நீ தின்றுகொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டாய். புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் நான் ஓடவேண்டியதாயிற்று.

ஹார்பர் சுவர் வரை போய்த்தான் நின்றாய். விரலை நக்கிக்கொண்டு, “எலை வேணாம், மணை வேணாம், யாரும் வந்து போடவும் வேணாம். நடந்துகினே துன்னலாம்டி,” என்றாய். அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணப் பெண் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கேட்டால், கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று சொல்வோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை ஸ்டாக் எடுத்த கம்பெனி உலகத்திலேயே நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். என் அப்பா ஒருநாள், அவ்வளவு சரக்கா கீது அந்தக் கம்பெனியில் என்று கேட்டார். நீ சற்றும் தயங்காமல், எண்ண எண்ண வந்துகினே கீது என்றாய். அவரும் நம்பினார்.

மவுண்ட் ரோட்டில் ஏசி போட்ட கடைக்குப் போனது நினைவிருக்கிறதா? காலேஜ் பெண்கள் நம் ரப்பர் செருப்பைப் பார்த்தார்கள். சைனீஸ் சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டி, பல் குத்தும் குச்சி ஒன்றைச் செருகி, பக்கத்தில் முள்கரண்டியும் கத்தியும் வைத்தான். நீ அந்தக் குச்சியை உருவித் தலையில் செருகிக்கொண்டு, சாண்ட்விச்சைக் கையில் எடுத்து எழுந்தாய். மேடம், உட்காருங்கள் என்றான் சர்வர். வேலை கீதுப்பா என்று சொல்லிவிட்டு நீ வாசலுக்குப் போய்விட்டாய். உள்ளே பில்லுக்காகக் காத்திருந்தவள் நான். எழும்பூரில் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் நடத்திய கடைக்கும் போனோம். வெள்ளரிக்காயும் ஆம்லெட்டும் வைத்து, மேலே வேர்க்கடலைச் சாஸ் ஊற்றிக் கொடுத்தார். சட்னி அரைத்தவன் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டான் என்று எனக்குக் கோபம். உனக்கு அதுவும் பிடித்தது. ஒவ்வொரு கடையிலும் ஏதோ ஒரு ஊர் இருந்தது உனக்கு. பர்மா எப்படி இருக்கும், சிங்கப்பூரில் பெண்கள் தனியாக பஸ்ஸில் போவார்களா என்று கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாய். என்னிடம் கேட்டால் எனக்குக் குன்றத்தூர் மலைப்படி எத்தனை என்று மட்டும்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் பூந்தமல்லியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம். பூ வைத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி. அந்தப் பையன்மேல் உனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனிக்குப் போகக் கூடாது என்று அவன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது உன் கை கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உன் கை நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பூ வைத்த பிறகு பெண் வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அம்மா ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

கடைசி தடவை என்று சொல்லித்தான் அந்த ஞாயிறு போனோம். உன் அம்மாவுக்கு ஒரு தடவையாவது செய்து கொடுக்க வேண்டும் என்று நீளமான ரொட்டி ஒரு பாக்கெட்டும், ஒரு பாட்டில் சாஸும் வாங்கினாய். மவுண்ட் ரோடு சாண்ட்விச் அன்று உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மடியில் ரொட்டிப் பாக்கெட். பூந்தமல்லியில் மாப்பிள்ளையின் அத்தை ஏறி நம் எதிர் சீட்டிலேயே உட்கார்ந்தார்.

நம் பக்கத்தில் ரொட்டி என்றால் அது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் சாத்துக்குடியோடு வாங்கிப் போவோம், இல்லையென்றால் டாக்டர் சோறு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நல்லா இருக்கிற ஒரு ஜீவன் ஆசைப்பட்டு ரொட்டி வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. அத்தையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பாக்கெட்டைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார்.

“யாருக்கும்மா ரொட்டி? வூட்ல யாருக்கு ஒடம்பு?”

நீ கைக்குட்டையை எடுத்துவிட்டு, “எனக்குத்தான் அத்தை,” என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். அன்று உனக்கு வயிறு சரியில்லைதான், முழுப் பொய் இல்லை அதில். நான் வாயைத் திறந்தேன், நீ உன் செருப்புக் காலால் என் காலை அழுத்தினாய். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை அந்தக் காலை எடுக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று அத்தை கேட்டதற்கு, ரொம்ப நாளாகவே என்று வேறு சொன்னாய்.

அடுத்த வாரமே மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் உன் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ரொட்டிப் பாக்கெட், சாத்துக்குடி. உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பொண்ணு கல்லு மாதிரி இருக்கிறாள், அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். அவர் அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயோ அவர்கள் கொண்டுவந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒரு துண்டைக் காப்பியில் தோய்த்து, அவர்கள் எதிரிலேயே மெதுவாகத் தின்றாய். அன்று அங்கே வந்திருந்த நான் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பத்து நாளில், ஜாதகம் மறுபடி பார்த்ததில் சரியில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

உன் அம்மா அழுதார். நீ என் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று, அடுத்த ஞாயிறு எந்தக் கடை என்று கேட்டாய். நான் அன்று உன்னைத் திட்டியிருக்க வேண்டும். எழும்பூர் என்றேன்.

அந்த ரொட்டிப் பேச்சு ஊரை விட்டுப் போகவே இல்லை. நெஞ்சுச் சளி என்று ஒருத்தி, வலிப்பு என்று இன்னொருத்தி. மண்ணூர்ப் பெண்ணா, சீக்குக்காரியாமே என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். பிறகு கேட்பதற்கும் ஆள் வரவில்லை. உனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குன்றத்தூரில் இடம் வந்தது, பூ வைத்தார்கள், வேலையை விடச் சொன்னார்கள், விட்டேன். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று எனக்குப் பின்னல் போட்டுவிட்டு, “நல்லா இரு,” என்று மட்டும் சொன்னாய். யாரோடு சுற்றுவதற்காக நீ அந்தப் பஸ்ஸில் உன் கல்யாணத்தைத் தொலைத்தாயோ, அவளே எழுந்து போய்விட்டாள். இதை நான் உன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நீயும் பேசவில்லை. கோபித்துக்கொண்டாவது இருக்கலாமே நீ.

தனியாகப் போனாய். மாதத்துக்கு ஒருமுறை, திரும்பும்போது குன்றத்தூரில் இறங்கி, எண்ணெய் ஊறிய பேப்பர் பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுப்பாய். நான் தின்று முடிக்கும்வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தபடி, புதுக் கடைகளைப் பற்றிச் சொல்வாய். என் மகன் உன் பின்னாலேயே நடந்து நடை பழகினான்.

கடைசியாக வந்த அன்று பொட்டலம் கொடுத்துவிட்டு நீ உட்கார்ந்துவிட்டாய். நாற்காலியில், சாய்ந்து. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கடையில் நீ தின்றாயா என்று கேட்டேன்.

“இன்னான்னு தெரிலடி. முழுங்க முடில. ரொட்டிய காப்பில தோச்சுத்தான் துன்றேன்.”

எனக்கு அந்தக் காப்பிதான் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா எதிரில் நீ உட்கார்ந்து தின்ற காட்சி கண்முன் வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல், “இப்ப எந்த மாப்பிள்ளைடி?” என்று கேட்டேன்.

நீயும் சிரித்தாய். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாய்.

நான்கு மாதம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், பார்க்க வந்தவர்கள் வாங்கி வந்த ரொட்டிப் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஏன் அப்போதே சரியாகச் சொல்லவில்லை என்று உன்னிடம் கேட்டேன். உனக்குக் குரல் போயிருந்தது. பக்கத்தில் இருந்த உன் அம்மா சொன்னார்: “எங்கிட்ட எங்க சொன்னா? மொதல்ல உங்கிட்டதான் சொல்லப் போறேன்னு வந்தாளே.”

நீ போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகியும் எனக்கு உன்மேல் கோபம்தான். ஊரையே ஏமாற்றியவளுக்கு என் ஒருத்தியை நம்ப வைக்கத் தெரியவில்லையா? ஒரு தடவை சிரிக்காமல் இருந்திருந்தால் போதும், உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். என்மேல் இருக்கும் கோபத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

என் வீட்டில் இப்போது யாரும் சோறு வேண்டாம் என்று சொல்ல முடியாது. தொண்டை கரகரக்கிறது என்றால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளப்பிவிடுவேன். போன மாதம் மாமியார் இரண்டு இட்லியை வைத்துவிட்டு எழுந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றிப் போரூர் வரைக்கும் கொண்டுபோனேன். வெறும் அஜீரணம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், மாமியார், மகன் எல்லோரும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் மட்டும் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் நிஜமாகத்தான் சிரிக்கிறாரா என்று நின்றிருந்தேன்.