மழைத் திரையைச் சுவரில் மாட்டிய நாள்

வெள்ளி, இரவு.

கொழும்பு ஓவியர் நதீஷா வரைந்த மழையை ஏழு மாதமாக நெய்து, இன்றுதான் தறியிலிருந்து இறக்கினோம். நெய்ய நெய்யத் திரை உருளையில் சுருண்டுவிடும். தறியில் உட்கார்ந்து அதை நெய்தவள் புஷ்பம்; அவளே அதை முழுதாகப் பார்த்ததில்லை. திரையை வாங்கியவர் வீட்டுக்கு ஏற்றிப்போக லொறி வாசலில் நின்றது. “சுருட்டுங்க” என்றேன்.

“ஒருக்கா மாட்டிக் காட்டுங்க மொதலாளி. வாங்குனவரு வீட்டுக்குள்ள என்னைய விடவா போறாங்க?” என்றாள் புஷ்பம்.

திரையை இறக்குவதைப் பார்க்க வந்திருந்த நதீஷா என்னைக் கேட்கவேயில்லை, ஏணியில் ஏறிவிட்டாள். திரை விரிந்ததும் புஷ்பம் அதை முழுதாகப் பார்க்க வாசல்வரை பின்னோக்கியே நடந்து போனாள்.

“ஆத்தாடி! இம்புட்டு மழையா நெய்திருக்கேன்?”

அதற்குப் பிறகு சுருட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பினேன். வாங்கியவர் ஃபோனில் கத்தினார், திங்கட்கிழமைதான் என்றேன். நாளை ஹேவாஹெட்டயிலிருந்து புஷ்பத்தின் புருஷனும் பிள்ளைகளும் பார்க்க வருகிறார்கள். அவர்கள் உட்காரச் சுவருக்கு எதிரே நாலு கதிரை போட்டுவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டினேன்.